வெடிப்பது எது, உடைவது எது?

கேள்வி: பலூன் வெடிக்கிறது, சரி. சத்தமே இல்லாமல் நிலமும் பருத்தியும் வெடிக்கின்றனவே, எப்படி?

பதில்: சத்தத்தை அளவுகோலாக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். மேற்பரப்பு தாங்காமல் பிளந்து வாய்விடுவதுதான் 'வெடி' என்ற வினையின் உயிர். பலூனில் அடைபட்ட காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. களிமண் நிலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு: ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கி, நாலாபுறமும் இழுபட்டு நடுவே பிளவு விழுகிறது. குதிகாலில் பித்தவெடிப்பும் இதே கணக்கு. உலர்ந்து இளக்கம் போன தோல், மிதிக்கும்போது உடல் எடையில் விரிய முடியாமல் ஓரத்தில் கீறுகிறது. பருத்திக் காய் முற்றிக் காய்ந்ததும் தோடு பிரிந்து பஞ்சு வெளியே தெரியும்.

ஆனால் பிளந்ததெல்லாம் வெடித்ததாகாது. கட்டி, கொப்புளம், அணை மூன்றும் 'உடையும்'. உள்ளே இருப்பது நீராக வழிந்தோடினால் தமிழ் பெரும்பாலும் 'உடை'யைத்தான் எடுக்கிறது. கண்ணாடி டம்ளரைப் பாருங்கள்: கைதவறி விழுந்தால் உடைந்தது, கொதிநீர் ஊற்றியதும் கீறல் விட்டால் வெடித்தது. ஒரே டம்ளர்தான், அடி வெளியிலிருந்து வந்ததா, சூட்டில் தானாகப் பிளந்ததா என்பதை வினையே சொல்லிவிடுகிறது. எவ்வளவு நுட்பம்!

கேள்வி: 'பட்டாசு வெடித்தான்' சரியா?

பதில்: சரி. பட்டாசு, வேட்டு, வெடி ஆகியவற்றோடு இந்த வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். 'குண்டு வெடித்தான்' என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே 'குண்டை வெடிக்கச் செய்தான்' என்பதே வழக்கு.

கேள்வி: 'வெடிபொருள்', 'வெடிச்சத்தம்'. ஒன்றில் ஒற்று இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. ஏன்?

பதில்: வெடித்த, வெடிக்கின்ற, வெடிக்கும் பொருள் என முக்காலத்துக்கும் விரிவதால் 'வெடிபொருள்' வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. 'வெடிகுண்டு' என்பதும் அப்படியே. 'வெடிச்சத்தம்' வெடியினது சத்தம். அங்கே 'வெடி' பெயர்ச்சொல், ஆகவே ஒற்று மிகும். 'வெடிப்பொருள்' என்று அச்சில் அடிக்கடி வருவது பிழை.

கேள்வி: போர் வெடித்தது, நோய் வெடித்தது என்று செய்திகளில் வருகிறதே?

பதில்: கலவரமும் சர்ச்சையும் வெடிக்கலாம், திடீரென்று கிளம்புபவை. அடக்கிவைத்த அழுகையும் வெடிக்கும். போருக்கு 'மூண்டது' என்ற அருமையான சொல் இருக்கிறது, தீ மூள்வதுபோல. நோய்க்கு வெடிப்பு ஒட்டவே இல்லை. நோய் பரவும், அவ்வளவுதான்.

கேள்வி: பேச்சில் 'பொழுது வெடிஞ்சிருச்சு' என்கிறோமே, அதுவும் இதே சொல்லா?

பதில்: இல்லை. அது 'விடி'. பேச்சில் 'வி' என்பது 'வெ' ஆகிவிட்டது. இறந்தகாலத்தில் குட்டு உடையும்: பொழுது வெடிஞ்சது, பலூன் வெடிச்சது. எழுதும்போது விடிந்தது, வெடித்தது.