முருங்கைக்காய் சாப்பிட்டால் ஆசை கூடுமா?

முருங்கைக்காயில் ஆரம்பித்து வயாகரா வரை, ஆசையைத் தூண்டும் பொருள் என்று ஏதாவது உண்மையில் இருக்கிறதா என்பது கேள்வி.

முருங்கைக்காய் நல்ல காய். சாம்பாரில் போட்டு, சதையை வழித்துச் சாப்பிட்டு, சக்கையைத் தட்டோரம் ஒதுக்குவதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் அதற்கு இன்று இருக்கும் 'அந்த'ப் பெயரைப் பரப்பியதில் 1983-ல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்துக்குப் பெரிய பங்குண்டு. மனிதர்களிடம் அது ஆசையைக் கூட்டியதாக உருப்படியான நிரூபணம் இல்லை.

சரி, வயாகரா? அதுவும் ஆசைக்கான மருந்து அல்ல. நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில்தான் 1998-ல் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆசை எழுந்த பிறகு ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான். ஆசையே இல்லாதவருக்கு மாத்திரை போட்டும் ஒன்றும் நடக்காது.

மூளையில் வேலை செய்யும் ஃப்ளிபான்செரின் என்ற மருந்துக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆசை குறைந்த, மாதவிடாய் நின்றுபோகும் வயதை இன்னும் எட்டாத பெண்களுக்கு. பலன் சொற்பம், தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். டெஸ்டோஸ்டிரோன் என்ற பாலியல் ஹார்மோன் உண்மையிலேயே குறைந்திருந்தால் அதை ஈடுகட்டும்போது ஆசை திரும்பலாம். சரியான அளவில் இருப்பவர் போட்டுக்கொள்வது வீண்வம்பு.

எனக்குப் பயமெல்லாம் விளம்பர லேகியங்கள் மேல்தான். 'முழுக்க மூலிகை' என்று விற்கும் சிலவற்றில் சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்குப் போய்விடும்.

திடீரென்று ஆசை குறைந்திருந்தால் தூக்கம், மன அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே ஆசையைக் குறைக்கும்.