எலும்புத் துண்டைக் கண்டால் குமட்டுகிறது: மாமி வீட்டு மேசையில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த இடம் கோண்டாவில். கணவரின் வீடு சாவகச்சேரியில் இருக்கிறது. திருமணமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பங்கு ஆட்டிறைச்சி எடுத்து, மாமி எலும்போடு கறி சமைப்பார். சிறு வயதிலிருந்தே எலும்பில்லாத இறைச்சியைத்தான் என்னால் உண்ண முடிகிறது. எலும்பில் ஒட்டியிருக்கும் சவ்வையும் கறுத்த இரத்தத்தையும் கண்டால் வாயில் தண்ணீர் ஊறிக் குமட்டல் வருகிறது. மாமா எலும்பைக் கோப்பையில் தட்டிச் சூப்பும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். கணவர் இதை நடிப்பு என்கிறார். சென்ற வாரம் நான் ஒதுக்கி வைத்த துண்டுகளைப் பார்த்து, "எங்கட சமையல் பிடிக்கேல்லையோ பிள்ளை?" என்று மாமி கேட்டுவிட்டார். இது ஏதாவது நோயா? எலும்போடு உண்ணப் பழகலாமா? மாமியிடம் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது நடிப்பு அல்ல. வாயில் உமிழ்நீர் ஊறுவது வாந்திக்கு முன்னர் உடல் தானாகச் செய்யும் ஆயத்தம். அதை எவரும் விரும்பி வரவழைக்க முடியாது. உளவளத்துணையாளராக இத்தனை ஆண்டுகள் பலருடைய கதைகளைக் கேட்ட பின்னரும், மீனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடி உண்ண என்னால் இன்றும் முடிவதில்லை.

அருவருப்பு என்பது அடிப்படையில் வாய்க்குப் போடப்பட்ட காவல் ஆகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் போல் ரோசின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மனிதர் அருவருக்கும் உணவுப் பொருள்களில் பெரும்பாலானவை தாவரங்களிலிருந்து அல்லாமல் விலங்குகளிலிருந்து வருவதை அவர் சுட்டிக்காட்டினார். இறைச்சியை விரும்பி உண்பவரும் அது விலங்கின் உடல் என்ற நினைவை மனத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டே உண்கிறார். எலும்பும் நரம்பும் மூட்டும் அந்த நினைவைத் திரும்பக் கொண்டுவந்து கோப்பையில் வைக்கின்றன. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான யோனாஸ் குன்ஸ்ட், சிக்ரிட் ஹோஹ்லே ஆகியோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், தலையோடு வாட்டிய பன்றியின் படத்தைப் பார்த்தவர்கள், தலை நீக்கப்பட்ட பன்றியின் படத்தைப் பார்த்தவர்களைக் காட்டிலும் அதிக அருவருப்பும் இரக்கமும் கொண்டார்கள். அவர்களும் இறைச்சி உண்பவர்கள்தாம். ஆகவே எலும்பற்ற துண்டை உண்டு எலும்புத் துண்டை ஒதுக்குகின்ற உங்கள் மனம் முரண்பாடானது அன்று.

இனி, உங்களைக் குமட்டச் செய்வது சரியாக எது என்று பிரித்துப் பாருங்கள். "எலும்பு" என்று மொத்தமாகச் சொன்னால் தீர்வு கிடைக்காது. கறுத்த இரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோழியிறைச்சியில் எலும்பை ஒட்டிக் காணப்படும் கருஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும், இளங்கோழியின் நுண்துளை மிகுந்த எலும்பிலிருந்து, அதன் உள்ளே இருக்கும் மென்மையான மச்சையின் நிறப்பொருள் கசிந்து, சமைக்கும்போது கறுத்துப்போவதால் உண்டாவதாகும். குளிரூட்டியில் உறைய வைத்த கோழியில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். உட்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்படி வெந்திருந்தால், நிறம் எப்படியிருந்தாலும் உண்பதற்குத் தீங்கில்லை. எங்கள் வீடுகளில் கறி கொதிக்கும் நேரத்துக்கு அந்த அளவு ஒரு பொருட்டே அன்று.

ஆட்டிறைச்சியில் சிக்கல் வேறு. ஆட்டுக்கொழுப்பு நமது உடல் வெப்பத்தைவிடக் கூடிய வெப்பத்தில்தான் முழுமையாக உருகும் என்பதால், கறி ஆறியதும் எலும்பிலும் உதட்டிலும் வெள்ளையாகக் கட்டிப் படிந்துவிடுகிறது. பேச்சுக்கு இடையில் கோப்பையில் ஆறிக் கிடந்த துண்டைத் தொடும்போது உண்டாகும் அந்த வழுவழுப்பைத் தாங்க முடியாதவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு, சட்டியிலிருந்து ஆவி பறக்க எடுத்துச் சுடுசோற்றோடு உடனே உண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. சவ்வைப் பொறுத்தவரை, அது மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும்போது கரைந்து கூழ்மமாகிக் குழம்பைத் தடிப்பாக்கும். அவசரமாக இறக்கிய கறியில்தான் ரப்பர்போல நிற்கும்.

பங்கு இறைச்சியைப் பற்றியும் ஒரு சொல். கடையில் வாங்கும்போது "மூட்டுப் பார்த்து வெட்டித் தாருங்கள்" என்று கேட்கலாம். சிறு சிம்புகள் குறையும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வெட்டிக் கூறு வைக்கும்போது அப்படிக் கேட்க இடமில்லை, ஏனெனில் ஒவ்வொரு கூறிலும் சதையும் எலும்பும் ஈரலும் ஒரே அளவாக விழுவதுதான் அங்கே நியாயம். மாமியின் சட்டியில் எலும்பு நிறைந்திருப்பதற்கு அந்த நியாயமும் ஒரு காரணம். அவர் உங்களைச் சோதிக்கவில்லை. ஆனால் மரக்குற்றியில் வைத்துக் கத்தியால் ஓங்கி வெட்டிய எலும்பில் கூரிய சிம்புகள் இருக்கும் என்பதால், கறியைச் சோற்றோடு குழைக்கும் முன் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. தொண்டையில் ஏதாவது குத்தி நின்றால், பழைய வழக்கப்படி சோற்று உருண்டையை விழுங்கி அதைத் தள்ள முயலாதீர்கள்; இன்னும் ஆழமாகக் குத்தக்கூடும். வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எலும்போடு உண்ணும் முறைக்கு வருகிறேன். எலும்பைக் கையில் எடுத்துச் சூப்புவது யாழ்ப்பாணத்து வீட்டு மேசையில் பண்புக்குறைவு அன்று. அதே வேளை, சூப்பாமல் விடுவதும் பண்புக்குறைவு அன்று. இங்கே பண்பு என்பது பெரும்பாலும் எச்சிலைப் பற்றியது. உண்ட கையால் அகப்பையைத் தொடக்கூடாது. கடித்த துண்டு பொதுச் சட்டிக்குத் திரும்பக்கூடாது. எலும்பு மேசை விரிப்பில் கிடக்கக்கூடாது. இவற்றைக் காத்தால் மற்றவை உங்கள் விருப்பம். துண்டைச் சோற்றின் நடுவில் வைக்காமல் கோப்பையின் ஓரத்தில் வையுங்கள். சுட்டுவிரலால் எலும்பின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரல் நகத்துக்குக் கீழுள்ள சதைப்பகுதியால் இறைச்சியை நாரின் போக்கிலே தள்ளினால், நன்றாக வெந்த கறி ஒரே இழுப்பில் கழன்று வரும். குறுக்கே பிய்த்தால்தான் சவ்வும் நரம்பும் சேர்ந்து வரும். கழன்ற இறைச்சியைச் சோற்றோடு பிசைந்து உண்ணுங்கள், எலும்பு வாய்க்கே போக வேண்டியதில்லை. வெற்றெலும்பைப் போடச் சிறு பீங்கான் ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் கண்ணில் படாதபடி தண்ணீர்ப் பேணிக்கு அப்பால் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

பழக வேண்டும் என்று நீங்களே விரும்பினால், சாவகச்சேரியில் வைத்துப் பழகாதீர்கள். உங்கள் குசினியில், வேறெவரும் பார்க்காத வேளையில், எலும்பும் சதையும் எளிதில் பிரியும் கோழிக்காலில் தொடங்குங்கள். முதல் சில தடவைகள் கரண்டியால் பிரித்து உண்டு, எலும்பைக் கோப்பையில் அப்படியே இருக்க விடுங்கள். அடுத்து விரலால் பிரியுங்கள். அது சாதாரணமான பின்னரே ஒரு தடவை கடித்துப் பாருங்கள். குமட்டல் தொடங்கினால் அதே படியில் நில்லுங்கள், விழுங்க முயல வேண்டாம். அச்சம் பழகப் பழகக் குறைவதைப் போல அருவருப்பு விரைவாகக் குறைவதில்லை என்பது ஆய்வுகளிலும் தெரிந்த உண்மை. எனவே வாரக்கணக்கில் அல்லாமல் மாதக்கணக்கில் எண்ணுங்கள். பாதியில் விட்டாலும் இழப்பு எதுவுமில்லை. எலும்பு சூப்பினால் எலும்பு பலக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் மச்சையில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. எலும்பை அவித்த சாற்றிலும் கல்சியம் மிகக் குறைவாகவே இறங்குகிறது. முள்ளோடு மென்று உண்ணும் நெத்தலி அதற்கு எவ்வளவோ மேல்.

நோயா என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை என்பதே பதில். உணவுவகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நிறை இழப்போ குருதிச்சோகையோ ஏற்படும் அளவுக்குப் போனால் அதற்குத் தனிப் பெயருண்டு. தவிர்ப்பு உணவுக் கோளாறு என்ற வகையை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் தனது வகைப்பாட்டில் சேர்த்தது. அப்படியான அறிகுறி தெரிந்தால் மருத்துவரைக் காண வேண்டும். வேறொன்றும் உண்டு: இதுவரை உண்ட எலும்பில்லாத இறைச்சியும் அண்மையில் திடீரெனப் பிடிக்காமல் போயிருந்தால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது சாதாரணமாக நிகழக்கூடியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா எலும்பைத் தட்டுவதை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அவருக்கு எதிரே உட்காராமல் அவருடைய அதே பக்கத்தில், இடையில் ஒருவரை விட்டு உட்காருங்கள். சத்தத்தைவிடக் காட்சிதான் உங்களைப் பாதிக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மாமியின் கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது. வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், கந்தசட்டி ஆறு நாட்களிலும் மச்சச் சட்டியைத் தனியே கழுவிக் கவிழ்த்து வைக்கும் வீடுகள் எங்களுடையவை. ஒருவர் ஒன்றை உண்பதில்லை என்பது இங்கே எவருக்கும் புதிதும் அன்று, அவமதிப்பும் அன்று. மாமியைத் தொட்டது நீங்கள் ஒதுக்கிய துண்டுகள் அல்ல, அவற்றை ஒதுக்கியபோது உங்கள் முகத்தில் தெரிந்த சுளிப்பே. சமைத்தவர் அதைத் தன் கைப்பக்குவத்தின் மீதான தீர்ப்பாகவே படிப்பார். ஆகவே துண்டு உங்கள் கோப்பைக்கு வந்த பின்னர் ஒதுக்காமல், வருவதற்கு முன்னரே பேசுங்கள். அடுத்த ஞாயிறு சற்று முந்திச் சென்று, மேசையில் அல்லாமல் குசினியில், அவர் கறியை இறக்கும் வேளையில், "மாமி, சின்ன வயசிலயிருந்து எலும்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது, சதைத் துண்டா ரெண்டு போடுங்கோ, குழம்பு நிறைய விடுங்கோ" என்று கேளுங்கள். குழம்பை நிறையக் கேட்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எலும்பின் சாரமெல்லாம் அதற்குள்தான் இறங்கியிருக்கிறது, அது அவருக்கும் தெரியும்.