காப்பர் ஒயரா? தராசில் வையுங்கள்

கேள்வி: போர் மோட்டார் கொட்டகைக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 90 மீட்டர் காயில், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். ஸ்டார்ட்டரில் முடுக்கிய இடம் தீயாய்ச் சுடுகிறது. நறுக்கிப் பார்த்தால் இழைக்குள் வெள்ளையாக இருக்கிறது. கோளாறு மோட்டாரிலா, ஒயரிலா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஒயரில்தான். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியக் கம்பிக்குச் செம்பு போர்த்தியது. (மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயமில்லை, வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.)

இந்த ஏமாற்றைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். உங்கள் காயிலில் செம்பு மட்டுமே 2 கிலோ இருக்க வேண்டும். அதே அளவு அலுமினியம் 600 கிராம்தான். பிளாஸ்டிக் உறையோடு நிறுத்தும் 2 கிலோ தேறாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள்.

சுடுவது ஏன்? உலோகத்தில் கட்டில்லாமல் உலவும் எலக்ட்ரான்கள்தான் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கொண்டுபோகின்றன. அலுமினியமும் நல்ல கடத்திதான், செம்பில் 60 சதவீதம் தேறும். வம்பு ஜாயின்ட்டில் வருகிறது. காற்றுப் பட்டதுமே அதன்மேல் ஆக்சைடு படலம் படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. போதாததற்கு அலுமினியம் மெத்து. சூட்டில் விரிந்து, ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி, ஆறும்போது பிடி தளர்ந்துவிடும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. வயல் ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் ஸ்டார்ட்டர் முனை கருகும்.

மூன்று பேஸில் 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 100 மீட்டர் தூரத்தில், இதே தடிமனில், செம்பு ஒயர் வழியிலேயே 12 வோல்ட் தின்னும். அலுமினியம் 20 வோல்ட் வரை தின்னும். குறுவை நடவு நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் தள்ளாடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மெயினை அணைத்துவிட்டு அந்த ஒயரை முழுசாகக் கழற்றுங்கள். கருகிய முனையையும் மாற்றச் சொல்லுங்கள். அலுமினியம்தான் போட முடியும் என்றால் 4 சதுர மி.மீ. எடுத்து, முனையைத் தேய்த்து, ஆக்சைடு படியாமல் தடுக்கும் பேஸ்ட் தடவி, பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள இணைப்பு முனை) வைத்து, கருவியால் நசுக்கி இறுக்கி கிரிம்ப் செய்ய வேண்டும். செம்போடு வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது.

புது ஒயரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற, பிவிசி ஒயருக்கான இந்தியத் தர எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பழைய காயிலையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: செம்பு அடி எவர்சில்வர் பாத்திரத்திலும் பால் அடிப்பிடிக்கிறதே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எவர்சில்வரைவிடச் செம்பு 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், உண்மை. ஆனால் உங்களுடையது மெல்லிய முலாமாக இருக்கும். அந்தக் கனத்தில் சூடு பக்கவாட்டில் பரவாது. தீ படும் வட்டத்திலேயே பால் பிடிக்கும். அலுமினியத் தகட்டை நடுவில் வைத்த, அடி கனமான பாத்திரம் வாங்குங்கள். கைப்பிடி பேக்கலைட்டாக இருக்கட்டும், சூடு ஏறாது.