கேஸ் அடித்தும் குளிரவில்லையே, ஏன்?

வெயில் ஏறியதும் ஏசி பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை பிக்கப் வண்டிக்காரர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க கேபினுக்குள்ளேயே உட்கார்ந்து பிழைப்பவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: ஐயா, ஆறு வருடமான டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவேன். வண்டி ஓடும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது. லோடு ஏற்ற நின்றாலோ, செக்போஸ்டில் வரிசையில் நின்றாலோ கொஞ்ச நேரத்தில் சூடான காற்றுதான் வருகிறது. வருடா வருடம் பங்குனியில் கேஸ் அடிப்பேன். இந்த வருடம் அடித்தும் பலனில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. கம்ப்ரஸருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் வேலையை நிறுத்திவையுங்கள். உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஓடினால் குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை என்பது ஒன்று. வருடா வருடம் கேஸ் அடிக்கிறீர்கள் என்பது இன்னொன்று.

கம்ப்ரஸர் என்பது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப். கேபினுக்குள் இருக்கும் சூட்டைக் கேஸ் சுமந்துகொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸருக்கு வருகிறது. அங்கே நல்ல காற்றுப் பட்டால்தான் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரவமாக மாறும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நின்றுவிட்டால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன் சோம்பினாலும், கண்டென்ஸர் அடைத்திருந்தாலும் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும்.

தேய்ந்த கம்ப்ரஸரும் ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது உண்மை. அதனால் உங்கள் மெக்கானிக் சொன்னதைத் தப்பு என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க காசில்லாத சோதனை ஒன்று உண்டு. வெயில் நன்றாக ஏறியபின் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஏசியை முழுசாக வையுங்கள். சூடான காற்று வரத் தொடங்கியதும், ஒருவரை முன்கிரில் வழியாகக் கண்டென்ஸர் முழுக்கத் தண்ணீரைப் பூவாளியில் தெளிப்பதுபோல் மெல்லத் தெளிக்கச் சொல்லுங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது, வயர் கனெக்டர் மேல் தண்ணீர் படக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் குளிர் திரும்பினால் சூடு வெளியேறாததுதான் கோளாறு, கம்ப்ரஸரை விட்டுவிடுங்கள். மாற்றமே தெரியவில்லை என்றால்தான் கேஸ் அளவையும் கம்ப்ரஸரையும் சந்தேகப்பட வேண்டும்.

காய்கறி, வைக்கோல், தேங்காய் மட்டை ஏற்றும் வண்டிகளில் கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். வெங்காயத் தோல், தார்ப்பாய் நூல், பூச்சி, ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றின் நார்கூட இருக்கும். முன்பக்கம் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், பின்பக்கம் மெத்தைபோல் அடைத்திருக்கும். கண்டென்ஸரின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடிக்க விடாதீர்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்துபோனால் காற்று போகிற வழியே மூடிவிடும். கிரிலை மறைத்துக்கொண்டிருக்கும் கூடுதல் ஹாரன், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஃபேன். எஞ்சினை நீளவாக்கில் வைத்த டீசல் பிக்கப்புகள் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய ஃபேன் கிளட்ச் இருக்கும், சூடேறினால் ஃபேனை எஞ்சினோடு பிடித்துச் சுற்றவைப்பது அதுதான். வண்டி நன்றாகச் சூடானபின் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடிமானத்தோடு சுற்றி நின்றுவிட வேண்டும். தள்ளிவிட்டதும் தானாகவே பல சுற்றுச் சுற்றினாலும், நடுவில் எண்ணெய் கசிந்த கறை இருந்தாலும் கிளட்ச் போய்விட்டது. கண்டென்ஸருக்கென்று தனி மின்ஃபேன் இருந்தால், ஏசி போட்டதும் அது சுற்றுகிறதா பாருங்கள். ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்து, கழற்றி எறிந்துவிட்டுப் பல வண்டிகள் ஓடுகின்றன. கூண்டு இல்லாத ஃபேன் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். அதை மறுபடி மாட்டுங்கள்.

சரி, இரண்டாவது தடயம். ஏசி கேஸ் டீசல்போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும் என்பதால், இணைப்புகளில் எண்ணெய்ப்பசையோடு தூசி படிந்த இடம்தான் முதல் சந்தேகம். கேஸ் ஏற்றும் சர்வீஸ் வால்வின் மூடி தொலைந்திருந்தால் அங்கேயும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். பல சமயம் ஓட்டை சில ரூபாய் ஓ-ரிங்கில் இருக்கும். அதைப் பார்க்காமல் வருடா வருடம் உங்களிடம் கேஸ் காசு வாங்கியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. உள்ளே இருப்பதை எடுக்காமல் மேலே மேலே அடித்திருந்தால், இந்த வருடம் அளவு மீறியிருக்கலாம். கேஸ் கூடினாலும் குளிர் குறையும். கண்டென்ஸரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதுவும் நிற்கும்போதுதான் முதலில் தெரியும்.

பட்டறையில் மீட்டர் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நீல மீட்டர் கம்ப்ரஸருக்குள் வரும் கேஸின் அழுத்தத்தையும், சிவப்பு மீட்டர் அது வெளியே தள்ளும் கேஸின் அழுத்தத்தையும் பி.எஸ்.ஐ. என்ற அளவில் காட்டும். ஆர்134ஏ வகைக் கேஸ், வெளியே 35 டிகிரி, எஞ்சின் 1500 ஆர்.பி.எம். என்றால், நீல மீட்டர் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., சிவப்பு மீட்டர் 200 முதல் 275 பி.எஸ்.ஐ. வாக்கில் நிற்பது நல்ல அறிகுறி. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, அல்லது கேஸ் அதிகம். நீலம் ஏறி, சிவப்பு ஏறாமல் கிடந்தால்தான் கம்ப்ரஸர் தேய்ந்ததன் அடையாளம். அப்படி இருந்தால் மாற்றுங்கள், நானே சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி எல்லாம் ஆறியபின் மீட்டரைப் பார்த்துக் "கேஸ் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே 30 டிகிரி வெயிலில் 97 பி.எஸ்.ஐ. வாக்கில்தான் காட்டும், கால் பங்கு இருந்தாலும் முழுசாக இருந்தாலும்.

எனவே வேலை இந்த வரிசையில் நடக்கட்டும்: இருக்கும் கேஸை மெஷினில் இழுத்தெடுத்து எடை பார்ப்பது, நைட்ரஜன் ஏற்றி ஓட்டை தேடுவது, அடைப்பது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றுவது, அரைமணி நேரமாவது வேக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சியெடுத்து), பம்பை நிறுத்தியபின் முள் ஏறாமல் நிற்கிறதா பார்ப்பது, அப்புறம் பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன கிராம் கணக்கில் தராசு வைத்துக் கேஸ் ஏற்றுவது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியின் கையேட்டில் பாருங்கள். பாதி விலையில் கேஸ் என்றால் வேண்டாம். எரியும் வாயு கலந்த போலிச் சரக்கு உண்டு. கேபின் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது கசிந்தால் அந்த வாயு கேபினுக்குள்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி பிக்கப்பில் முதல் ஒரு மணி நேரம் ஏசி ஜில்லென்று இருக்கிறது. அப்புறம் காற்றே குறைந்துபோகிறது. கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறது. (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டுகிறது, அம்மா. ஐஸ் வழியை மூடுவதால் காற்று குறைகிறது, அணைத்ததும் உருகிவிடுகிறது. காயில் உறையும் நிலைக்கு வருமுன் கம்ப்ரஸரை நிறுத்தவேண்டிய சென்ஸரின் வேலை சரியில்லை, அல்லது காயில் வழியே போகும் காற்று குறைவு. பனியன் துணியின் பஞ்சு உங்கள் ஊரில் எங்கும் பறக்கிறது. கேபின் ஃபில்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். சில பிக்கப்புகளில் ஃபில்டரே கிடையாது, பஞ்சும் தூசியும் நேராக ஈரமான காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் புளோயரை இறக்கிக் காயிலைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்சுற்றுக் காற்றில் ஓட்டினால் வெளிப்பஞ்சு குறையும். சுத்தம் செய்தும் ஐஸ் கட்டினால் சென்ஸரையும் கேஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லாரிகளில் ஏசி கட்டாயம் என்கிறார்களே, நான் வேலை பார்க்கும் பிக்கப்புக்கும் முதலாளி ஏசி வைத்துத்தர வேண்டுமா? (ஒரு ஓட்டுநர், தூத்துக்குடி)

பதில்: 2025-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அந்த விதி, அதற்குப்பின் தயாராகும் என்2, என்3 வகைச் சரக்கு வண்டிகளின் கேபினுக்குத்தான். அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவை. அதற்குள் அடங்கும் பிக்கப்புகளும் பழைய வண்டிகளும் இதில் வரவில்லை. மே மாதத் தகரக் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு டன் கணக்கு என்ன ஆறுதல்? சின்ன வண்டிகளுக்கும் விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் முதலாளி அடுத்த வண்டி வாங்கும்போது ஏசி உள்ள மாடலைக் கேளுங்கள், பின்னால் வைப்பதைவிட அது நல்லது. கடற்கரை ஊர் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உப்புக்காற்று கண்டென்ஸரின் அலுமினியத்தை அரித்துவிடும். உப்பளப் பக்கம் போய்வந்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.