முன் சில்லில் கடகட: போல் ஜொயின்ற் கேள்வி பதில்

கோப்பாயிலிருந்து: அண்ணை, பள்ளத்தில விழேக்கை முன்பக்கம் "டக்" எண்டுது. போல் ஜொயின்றோ, வீல் பெயரிங்கோ? கராச்சில ஆட்டிப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டினம்.

போல் ஜொயின்ற் என்பது, சில்லைத் தாங்கித் திரும்புகிற நக்கிளைச் சேசியிலிருந்து வரும் மேல், கீழ் ஆர்ம்களோடு பொருத்துகிற உருண்டை மூட்டு. எப்படித் தூக்கி ஆட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாகனத்துக்குக் கீழே படுத்து, ஸ்பிரிங் அல்லது ரோர்ஷன் பார் (முறுக்கில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் தண்டு) எந்த ஆர்மைத் தள்ளுகிறது என்று முதலில் பாருங்கள். கீழ் ஆர்மைத் தள்ளினால் பாரம் முழுக்கக் கீழ் ஜொயின்றில் இருக்கும். அப்போது ஜக்கைக் கீழ் ஆர்மின் அடியில், சில்லுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வைத்துத் தூக்கவேண்டும். மேல் ஆர்மைத் தள்ளினால் பாரம் மேல் ஜொயின்றில். சேசியில் ஜக் போட்டுச் சில்லைத் தொங்கவிடவேண்டும். மாறித் தூக்கினால் ஸ்பிரிங்கே ஜொயின்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. "ஒண்டுமில்லை" என்று திரும்பி வருகிற வாகனங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

சரியாகத் தூக்கிய பிறகு ரயருக்கு அடியில் ஒரு அலவாங்கைக் கொடுத்து மெல்ல மேலே நெம்புங்கள். இன்னொருவர் ஜொயின்றில் விரல் வைத்துப் பார்க்கட்டும். பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் அல்லது ஆர்மின் றப்பர் புஷ். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் முதலில் ரை றொட் என்டை (ஸ்ரியறிங் தண்டின் நுனி மூட்டை) பாருங்கள்.

காரைநகர்: சுசுகி ஜிம்னிக்கு எந்தப் போல் ஜொயின்ற் வாங்கலாம்?

வாங்கவேண்டாம். ஜிம்னியின் முன் அச்சு ஒரே தண்டு. நக்கிள், கிங் பின் என்ற நிலைக்குத்து முளையின் பெயரிங்கில்தான் திரும்புகிறது. ஸ்ரியறிங் உதறினால் அந்தப் பெயரிங், ரை றொட் என்ட், பனார்ட் றொட் (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) புஷ் மூன்றையும் பாருங்கள். பழைய லேண்ட் றோவரிலும் போல் ஜொயின்றைத் தேடவேண்டாம்.

பருத்தித்துறை: வீட்டு முற்றம் மணல். ஜக் புதையுது. புளொக் கல்லை அடுக்கி நிப்பாட்டலாமோ?

புளொக் கல் வேண்டவே வேண்டாம். அது நசிவதில்லை, ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் வெடித்துச் சிதறும். மணலுக்கு இரண்டு அங்குலத் தடிப்பான அகலப் பலகையைப் போட்டு, அதன்மேல் ஜக்கும் ஸ்ராண்டும் வையுங்கள். பனம்பலகை நன்றாகத் தாங்கும். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஃபோர் வீல் டிறைவில் இருந்தால் அதை விலக்கிவிட்டு, கியரில் போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கையைக்கூட உள்ளே விடாதீர்கள்.

நல்லூர்: நட்டைக் கழட்டியாச்சு, ஆனா ஜொயின்ற் நக்கிளை விட்டு வரேல்லை. நட்டை வைச்சுக் கீழையிருந்து அடிக்கலாமோ?

புரி நசிந்துவிடும், அடிக்கவேண்டாம். அந்தத் தண்டு ஆப்புப் போலச் சரிவானது. நக்கிளின் துவாரமும் அதே சரிவு. தண்டை அடிப்பதால் பயனில்லை, துவாரத்தைத்தான் ஒரு கணம் அதிரவைக்கவேண்டும்.

முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். உப்புக் காற்றில் நிற்கிற வாகனம் என்றால் இரண்டு தரம். அடுத்தநாள் நட்டைப் பூட்டியிருக்கிற ஸ்பிளிட் பின்னை இழுத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள், ஆனால் முழுதாக எடுக்காமல் நாலைந்து புரியில் விட்டுவையுங்கள். பிரிகிற நேரத்தில் ஆர்ம் பாய்ந்து வராமல் அந்த நட்டுத்தான் பிடிக்கும். ஸ்பிரிங் கீழ் ஆர்மைத் தள்ளுகிற வாகனமாக இருந்தால் கீழ் ஆர்முக்கு அடியில் ஜக் கட்டாயம் இருக்கவேண்டும். இல்லாமல் பிரித்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே எறியும். நடுவில் கை இருந்தால் கை போய்விடும்.

இனி நக்கிளில் தண்டு நிற்கிற பகுதியின் பக்கவாட்டில், ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கிப் பிடித்து, எதிர்ப்பக்கம் மற்றதால் ஓங்கி அடியுங்கள். நாலைந்து அடியில் "டப்" என்று விழும். விழாவிட்டால் இழுத்துப் பிரிக்கிற புள்ளர் போட்டு இறுக்கி, அந்த இறுக்கத்தில் திரும்ப அடியுங்கள். கவட்டை போன்ற பிரிப்பு ஆப்பு ஜொயின்றின் றப்பர் உறையைக் கிழித்துவிடும். எறியப்போகிற ஜொயின்றுக்கு மட்டும்தான் அது சரி.

பிரிந்தவுடன் நக்கிளைத் தொங்கவிடாதீர்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் பாரம் தாங்கா. பிரேக் கலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் சேசியில் கட்டுங்கள். சில்லைச் சுழற்றுகிற அச்சின் மூட்டான சி.வி. ஜொயின்றும் அளவுக்கு மிஞ்சி இழுபடக்கூடாது. சில வாகனங்களில் கீழ் ஜொயின்றுக்கு நக்கிளை வெளியே சரிக்கவேண்டும். அதற்கு ஹப் மூடியைத் திறந்து அச்சு நுனியின் சேர்க்ளிப்பை (வளையப் பூட்டை) எடுத்துவிட்டால் அச்சு உள்ளே போக இடம் கிடைக்கும்.

மானிப்பாய்: என்ரை வாகனத்தில ஜொயின்ற் ஆர்மோடை ஒட்டினமாதிரி இருக்கு. போல்ட்டைக் காணேல்லை.

ஒன்றில் றிவெட் அடித்தது, அல்லது அழுத்தி ஏற்றியது. றிவெட் என்றால் தலையின் நடுவில் சின்ன ட்ரில்லால் துளைத்து, பிறகு பெரிதாக்கி, தலையை உளியால் சீவி, தண்டைப் பஞ்ச் கம்பியால் தள்ளுங்கள். ஆர்மின் துவாரம் பெரிதாகிவிடக்கூடாது. புது ஜொயின்றோடு பெட்டியில் வருகிற போல்ட்டையே போடுங்கள். தொலைத்துவிட்டால் தலையில் 10.9 என்ற வலிமைக் குறி பொறித்ததாக அதே அளவில் தேடுங்கள். கதவுக்குப் போடுகிற போல்ட்டுக்கு இங்கே வேலை இல்லை.

அழுத்தி ஏற்றியதென்றால் சேர்க்ளிப்பை எடுத்துவிட்டு, சி வடிவப் பிறெஸ்ஸால் வெளியே தள்ளுங்கள். புதியதை முதல்நாள் இரவு பிறீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி இலகுவாக ஏறும். தள்ளும்போது பிறெஸ்ஸின் குழாய்த்துண்டு ஜொயின்றின் வெளிவளையத்தில் மட்டும் படவேண்டும். நடுத்தகட்டில் பட்டால் உள்ளே நசிந்து, புதிதாகவே பழுதாகிவிடும். கோணலாக ஏறத் தொடங்கினால் நிறுத்தித் திரும்ப எடுங்கள், அடித்து நேராக்காதீர்கள். சேர்க்ளிப் சுற்றிவரத் தன் வெட்டுப் பள்ளத்தில் முழுதாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

புது ஜொயின்ற் கையால் தள்ளவே உள்ளே போனால் ஆர்மின் துவாரம் தேய்ந்துவிட்டது. இங்கே சிலர் நாலு புள்ளி வெல்டிங் வைத்துக் கொடுப்பார்கள். வெல்டிங் சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் இருக்கை உருகும், கிறீஸ் எரியும். ஆர்மை மாற்றுவதுதான் வழி.

சுன்னாகம்: நட்டை இறுக்கினா தண்டும் சேர்ந்து சுத்துது. ஸ்பிளிட் பின் துவாரமும் நேர வருதில்லை.

சுற்றுவதற்குக் காரணம் சரிவு இன்னும் கவ்வவில்லை. ஜக்கை மெல்ல உயர்த்தித் தண்டை நக்கிளுக்குள் அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். சரிவில் கிறீஸ் பூசியிருந்தால் துடைத்தெடுங்கள், அது காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும். உங்கள் மொடலின் கைநூலில் உள்ள நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கி, துவாரம் நேர வராவிட்டால் நட்டின் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஒருபோதும் பின்னுக்குத் தளர்த்தவேண்டாம். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு தரமும் புதியது, விலை பெரிதில்லை.

கிளிநொச்சி: கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையில இருந்து ஜொயின்ற் எடுப்பிக்கிறன். ஒரு பக்கம்தான் தேய்ஞ்சிருக்கு, ரண்டும் மாத்தவேணுமோ?

கட்டாயமில்லை. ஆனால் இரண்டும் ஒரே வயதென்றால், மற்றப் பக்கத்தின் றப்பர் வெடித்திருந்தால் சேர்த்து மாற்றுங்கள். அலைன்மென்ற் காசு ஒருதரத்தோடு போகும். மொடல் பெயரைச் சொல்லாமல் சேசி இலக்கத்தைக் கொடுத்து எடுப்பியுங்கள். ஒரே மொடலிலேயே தண்டின் தடிப்பு மாறும். 555 என்ற யப்பான் தயாரிப்புப் பெயர் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்: ஒரே சீராக, இறுக்கமாக அசையவேண்டும். தளதளவென்று ஆடினால் திருப்பிக் கொடுங்கள்.

வேலணை: மாத்தி ஒரு வருசத்திலை திரும்பச் சத்தம். கடலுக்கு நடுவாலை போற பண்ணைப் பாலத்தாலை தினமும் ஓட்டம்.

றப்பர் கிழிந்து உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கும். கிறீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருந்தால் மாரிக்கு முன்னும் பின்னும் கிறீஸ் அடியுங்கள். றப்பர் லேசாக உப்பியதும் நிறுத்துங்கள், விடாமல் அடித்தால் நீங்களே றப்பரை வெடிக்கவைப்பீர்கள். நிப்பிள் இல்லாததுக்கு மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கீழே கழுவிவிட்டு, றப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேல் ஜொயின்றை மாற்றியபோது அடியில் சிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகள் இருந்திருந்தால், அவை அதே இடத்தில் திரும்பப் போனதா என்றும் பாருங்கள். ரயரின் உட்கரை தேய்ந்தால் அலைன்மென்ற் தவறியிருக்கிறது, ஜொயின்றை மட்டும் குறை சொல்லவேண்டாம்.