கரடுமுரடான பாதைக்குக் குழந்தை வண்டி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தினமும் மாலையில் மண்ணும் கல்லும் மரவேருமாக இருக்கும் ஒரு வழியில் நடக்கப் போவோம். இப்போது இருக்கும் ஸ்ட்ரோலரின் சின்னச் சக்கரம் மணலில் புதைகிறது, கல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கடையில் ‘ஆல் டெரெய்ன்’, அதாவது எந்தத் தரைக்கும் ஏற்றது, என்று ஒரு வண்டியைக் காட்டினார்கள். ஓடும்போதும் தள்ளிக்கொண்டு போகலாம் என்கிறார்கள். வாங்கலாமா? மூன்று சக்கரம் நல்லதா, நான்கு நல்லதா? – ஒரு வாசகி

பதில்: ‘கடையில் காட்டினார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. கடைத்தரை வழவழப்பானது, வண்டியோ காலி. அந்த நிலையில் எந்த ஸ்ட்ரோலரும் ஒற்றை விரலுக்கு ஓடும். விற்பவர் ஒரு கையால் வட்டமடித்துக் காட்டியதும் நமக்கும் மனம் இளகிவிடும். குழந்தை வண்டிகளைப் பழுது பார்த்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. என்னிடம் வரும் வண்டிகளில் நிறைய, இப்படிக் கடைத்தரையில் பார்த்து வாங்கியவைதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ‘ஆல் டெரெய்ன்’ என்பது விளம்பரச் சொல். இத்தனை அங்குலச் சக்கரம், இந்த மாதிரி டயர், இன்ன சஸ்பென்ஷன் இருந்தால்தான் அப்படி அழைக்கலாம் என்று கட்டாய வரையறை எதுவும் இல்லை. டயரில் நாலு வெட்டு கோடு போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பெட்டியில் அச்சடிக்கலாம். குழந்தை உட்காரும் பொருளுக்கு இதைக்கூட வரையறுத்து வைக்காமல் இத்தனை வருடம் இருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமைதான்.

அதனால் பெயரை விடுங்கள், சக்கரத்தைப் பாருங்கள். 1 அங்குல உயரக் கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது என்று வையுங்கள். 6 அங்குல விட்டமுள்ள சக்கரம் அதில் முட்டி நின்றால், அதை ஏற்றிவிட அந்தச் சக்கரத்தின் மேல் விழும் எடையைவிடக் கூடுதலான விசையோடு நேராகத் தள்ள வேண்டும். 12 அங்குலச் சக்கரத்துக்கு அந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போதும். உங்கள் கையில் மிச்சமாகும் அந்த முட்டல்தான் குழந்தையின் முதுகிலும் மிச்சமாகிறது. உங்கள் பாதைக்கு முன்னால் 12 அங்குலம், பின்னால் 16 அங்குலம் என்றால் தாராளம். பின்னால் 12 இருந்தாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் 8 அங்குலத்துக்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டயர். காற்றடிக்கிற டயர்தான் வேண்டும். கல்லின் மேல் ஏறும்போது அது கொஞ்சம் அமுங்கி அந்த அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும். கெட்டி டயர் அப்படியே மேலே அனுப்பிவிடும். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விற்பவரும் “எல்லாம் ஒன்றுதான்” என்பார். கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள், பிறகு காற்று வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள். வால்வு இல்லாவிட்டால் அது காற்று டயர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இதில் பலர் தடுமாறுவதால் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் வழியில் முள் இருக்கிறதா? எப்போதோ ஒன்று குத்துவதைக் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு பஞ்சர் என்கிற அளவுக்கு முள் கிடக்கிறதா? அப்படியானால் வீட்டிலிருந்து தொலைவில், குழந்தையோடு, காற்று இறங்கிய வண்டியை உருட்டிக்கொண்டு வருவது பெரிய அவதி. அந்த நிலையில் மட்டும் உள்ளே ஃபோம் அடைத்த டயரை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஃபோம் என்றதும் சின்னச் சக்கரத்துக்கு இறங்கிவிடாதீர்கள். ஃபோமாக இருந்தால் சக்கரம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும், பின்பக்கம் நிஜமான ஸ்பிரிங் சஸ்பென்ஷனும் இருக்க வேண்டும். இருக்கையை இரு கையால் அழுத்தினால் அது இறங்கி ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முள்ளும் கல்லும் சேர்ந்தே இருக்கிறதென்றால் மறுபடியும் காற்று டயருக்கே வாருங்கள். டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள், சின்ன முள் ஓட்டைகளை அது தானாக அடைத்துவிடும். முள்ளே இல்லாத வழிக்குப் போய், “பஞ்சர் தொல்லை இல்லை” என்று விற்பவர் சொன்னதற்காக ஃபோம் வாங்குவது மட்டும் வேண்டாம்.

வாங்கும் முன் டயரில் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். 12½ × 2¼ என்று இருந்தால், அது சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 12 அங்குல சைக்கிளின் அளவு. டியூப் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும், வளைந்த வால்வு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். கேள்விப்படாத அளவாக இருந்தால், முதல் பஞ்சரோடு வண்டி மூலைக்குப் போய்விடும். காற்றைக் கைப்பம்பால் அடியுங்கள். பெட்ரோல் பங்க் குழாயில் இவ்வளவு சின்ன டியூப் சில நொடிகளில் வெடித்துவிடலாம்.

மூன்றா நான்கா என்றால், மூன்று. மேடுபள்ளத்தில் மூன்று கால் முக்காலி ஆடாது, நான்கு கால் மேசை ஆடும். பின்சக்கரங்களுக்கு நடுவே நல்ல அகலம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கச் சரிவில் சாய்ந்துவிடும்.

இப்போது முன்சக்கரம். அது இரு பக்கமும் திரும்புவதாகவும், வேண்டும்போது நேராக லாக் செய்ய முடிவதாகவும் இருக்க வேண்டும். கல்பாதையில் லாக் போட்டே தள்ளுங்கள். திறந்து விட்டால், ஒரு கல் பட்டதும் சக்கரம் குறுக்கே திரும்பி வண்டி தலைகுப்புற நிற்கும். லாக் போட்ட பிறகு வளைய வேண்டுமென்றால் கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கித் திருப்புங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

பல வண்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்ற ஒரு நெம்புகோல் இருக்கும், சைக்கிளில் இருப்பது போலவே. அதைச் சரியாக இறுக்காவிட்டால் ஓட்டத்தின் நடுவே சக்கரம் கழன்றுவிடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் இதற்காகவே ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2012 முதல் சுமார் 200 புகார்கள், காயப்பட்ட குழந்தைகள் மட்டும் குறைந்தது 50. அந்த வருடக் கடைசியில் அது சமரசத்தில் முடிந்தது. விளக்க வீடியோவும், கேட்டு வாங்குபவர்களுக்கு மாற்று உதிரிபாகமும் என்று ஏற்பாடு. 50 குழந்தைகள் காயப்பட்ட பிறகும் அந்த வண்டிகளை முறையாகத் திரும்பப் பெறவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழு. அசைந்தால் கிளம்பாதீர்கள்.

அதே காரணத்துக்காக, பழைய வண்டிகளைத் தட்டிச் சரிசெய்து ‘புதுசு மாதிரி’ என்று விற்கிற தரகர்களிடம் போகாதீர்கள். ஒரு மாடலின் சக்கரத்தை இன்னொரு மாடலின் ஃபோர்க்கில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கவையில், மாட்டியிருந்ததை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். அச்சு 2 மில்லிமீட்டர் குட்டை. நெம்புகோல் இறுகியது போலவே கைக்குத் தெரியும், ஆனால் பல் கடித்திருக்காது. தெரிந்தவர் வீட்டில், கையேட்டோடு, முதல் ஆளிடமிருந்து வாங்குவது வேறு விஷயம். இணையத்தில் ‘சிறந்த பத்து’ பட்டியல்களையும் நம்ப வேண்டாம். அதிலுள்ள இணைப்பை அழுத்தி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகிற பட்டியல்கள் ஏராளம்.

சரி, ஓடுவது. இப்போது வேண்டாம். ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளுக்குக்கூடத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 6 மாதம், சிலர் 8 மாதம் ஆக வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர் காட்டிய வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘ஓடுவதற்கோ ஸ்கேட்டிங் செய்வதற்கோ ஏற்றதல்ல’ என்ற எச்சரிக்கை அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1888 எழுதச் சொல்லும் வரி அது. உள்ளே அந்த வரி, வெளியே பெட்டியில் ஓடுகிற அம்மாவின் படம். அந்த வரி இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கும் உங்கள் மகனின் கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தாலும், தானாக உட்காரும் வரை இருக்கையை நன்றாகச் சாய்த்து, ஐந்து முனை பெல்ட்டையும் பூட்டி, சமமான மண்பாதையில் மட்டும் போங்கள். கல்லும் வேரும் உள்ள பகுதி அவன் உட்கார்ந்த பிறகு, மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. காரில் வைக்கும் குழந்தை இருக்கையை வண்டியின் சட்டகத்தில் மாட்டிக் காட்டுப்பாதையில் தள்ளவே கூடாது.

கடைக்குப் போகும்போது மகனின் எடைக்கு மணலோ அரிசியோ ஒரு பையில் கட்டி எடுத்துப் போங்கள். அதை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டு, வாசலுக்கு வெளியே கல் கிடக்கும் இடத்தில் தள்ளிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் அந்தக் கடை வேண்டாம்.