மொழி தெரியாத கடிதத்தை ஓவியமாக ரசிப்பது எப்படி?

தாராளமாக ரசிக்கலாம். சொல்லப்போனால், மொழி தெரியாதது ஒரு வசதி; பொருள் குறுக்கே வராது, கண் கோட்டிலேயே நிற்கும்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். முதலில் டச்சு மொழியிலும் பிற்காலத்தில் பிரெஞ்சிலும் எழுதினார். அவர் எழுதியவற்றில் சுமார் 820 கடிதங்கள் எஞ்சியுள்ளன. பெரும்பகுதி ஆம்ஸ்டர்டாமில், அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

1888 அக்டோபரில் பிரான்சின் ஆர்ல் நகரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் தன் படுக்கையறையை வரைந்து காட்டியிருக்கிறார்: கட்டில், நாற்காலிகள், ஜன்னல். எழுதிய கைதான் வரைந்தது என்பது அங்கே கண்கூடு. எனக்கு அது முடிந்த ஓவியத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பார்க்கும்போது படத்தைப் பெரிதாக்கி மையைக் கவனியுங்கள். தொட்டெழுதும் பேனா என்பதால் மை தொட்டதும் எழுத்து அடர்ந்து, போகப்போக வெளிறி, மறுபடி அடரும். எங்கே கை நின்றது, எங்கே விரைந்தது என்பது தெரியும். பிறகு தாளைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் ஓரங்களும் அப்போதுதான் வடிவமாகக் கண்ணில் படும்.